கூட வந்தவர்

எங்கள் வீதியில் அந்த அக்காவின் கொப்பிக் கடை நேரகாலமில்லாமல் மூடப்படும். மற்றக் கடைக்காரர்கள் சாப்பாட்டுக்கும் செத்தவீட்டுக்கும் மூடுவார்கள். இவர் எதற்காக மூடுகிறார் என்று தொடக்கத்தில் எனக்கு விளங்கவில்லை. போட்டோ கொப்பி இயந்திரத்தில் யாரோ ஒரு சட்டத்தரணியின் காணி உறுதி பாதி வந்துகொண்டிருக்கும். அப்படியே நிறுத்திவிட்டு, கதிரையின் முதுகில் தொங்கும் கறுப்புக் குடையை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார். பக்கத்தில் ஒரு பெண் நிற்பாள். என் தையற்கடை வாசலில் ஒரு கணம் நின்று, “தம்பி, கடையை ஒருக்காப் பாத்துக்கொள்ளுங்கோ,” என்பார். நான் தலையாட்டுவதற்குள் இரண்டு பேரும் வீதி முடக்குத் திரும்பியிருப்பார்கள்.

அவசரமாகக் கொப்பி எடுக்க வந்தவர்களுக்குப் பதில் சொல்வது என் பாடு. எங்கள் ஊரில் மாடுகள் போலத் திரிகிற மான்கள் கடற்கரைப் பக்கமிருந்து வந்து அவருடைய கழிவுத்தாள் பெட்டிக்குள் வாயை வைக்கும். அவற்றைக் கலைப்பதும் என் பாடுதான்.

திருகோணமலையில் நீதிமன்றத்துக்கும் மாவட்டச் செயலகமான கச்சேரிக்கும் போகிற சனம் எங்கள் வீதியால்தான் போகும். அடையாள அட்டை, விவாகப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரு சொப்பிங் பையில் சுற்றிக் கொண்டுவந்து ஒரு பெண் கொப்பி கேட்டால், அவர் பத்திரங்களைப் பார்க்கமாட்டார். அந்தப் பெண்ணுக்குப் பின்னால் படியில் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்ப்பார்.

“தனியவோ வந்தனீங்கள்?”

“ஓம்.”

“கொஞ்சம் இருங்கோ. நானும் வாறன்.”

அவ்வளவுதான். எங்கே போகிறீர்கள் என்று கேட்பது அதற்குப் பிறகுதான். சில வேளை பொலிஸ் நிலையம், சில வேளை ஆஸ்பத்திரி, சில வேளை நீதிமன்றம். சீனன்குடாப் பக்கமிருந்து வந்த ஒரு சிங்களப் பிள்ளையோடு ஒருநாள் முழுக்க ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் இருந்துவிட்டு வந்தார். மூதூரிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் பெண்ணோடு படகுத்துறை வரைக்கும் போய், படகு புறப்பட்ட பிறகுதான் திரும்பினார். போரும் சுனாமியும் வந்து போன பிறகு எங்கள் ஊரில் உதவி நிறுவனங்களுக்குக் குறைவில்லை. ஆகவே அந்தப் பெண்கள் முதலில், “நீங்கள் எந்த நிறுவனம்?” என்று கேட்பார்கள். “கொப்பிக் கடை,” என்பார் அவர். சிரிக்கவும் மாட்டார்.

அவருடைய பெயரை நான் இங்கே எழுதவில்லை. அவர் போய்ச் சில வருடங்களாகிவிட்டன. பெயர் வெளியே வருவதை உயிரோடிருந்தபோதும் அவர் விரும்பியதில்லை. அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். அவருக்கு நான் தம்பி. எங்கள் இரண்டு கடைகளுக்கும் நடுவில் பலகைத் தட்டி ஒன்றுதான் இருந்தது. ஒரு பக்கம் இருமினால் மறுபக்கம் கேட்கும்.

நல்ல மனிதர் என்றால் இனிமையானவர் என்று நினைக்கக்கூடாது. அக்கா வெடுக்கென்று பேசுவார். வரிசையில் நிற்பவர்களைத் தாண்டிக் கையை நீட்டுகிற சட்டத்தரணிகளின் தாள்களை வாங்கி, அடியில் வைத்துவிடுவார். என் கடை மின்விசிறியின் சத்தத்துக்காக என்னோடு ஒரு மாதம் கதைக்காமல் இருந்திருக்கிறார். நான் தைத்துக் கொடுத்த சட்டைகளில் ஒன்றையாவது அவர் நல்லது என்று சொன்னதில்லை. கைப்பையில் எப்போதும் தண்ணீர்ப் போத்தலும் இஞ்சி பிஸ்கட்டும் இருக்கும். அந்த பிஸ்கட்டை எனக்கு ஒருநாளும் தந்ததில்லை. “அது அங்க போறவைக்கு. அங்க ஒருத்தரும் சாப்பிட்டுட்டு வாறேல்லை,” என்பார்.

அவர் அப்படிப் போவதைப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரு கதையை ஊகித்து வைத்திருந்தார்கள். அவருடைய கணவர் அடித்திருப்பார், அந்த வலியில்தான் இதைச் செய்கிறார் என்று. உண்மையில் கணவர் துறைமுகக் களஞ்சியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற, சத்தமே போடாத மனிதர். மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியைச் சைக்கிளில் கொண்டுவந்து வைத்துவிட்டு, “சூடு ஆறமுன்னம் சாப்பிடும்,” என்று சொல்லிவிட்டுப் போவார். கடை மூடியிருந்தால் பெட்டியை என்னிடம் தருவார். எங்கே போனா என்று கேட்டதில்லை.

ஒருமுறை கொப்பி எடுக்க வந்த ஆசிரியை ஒருவர், மிகவும் மெதுவாக, இரக்கமான குரலில், “அக்கா, உங்களுக்கும் அப்பிடி ஏதும் நடந்ததோ?” என்று கேட்டுவிட்டார். அக்காவின் முகம் சிவந்துவிட்டது.

“பட்டவைதான் போகவேணும் எண்டு சட்டமோ? மற்றவை எல்லாரும் வீட்டில இருக்கலாமோ?”

அந்த ஆசிரியை மிச்சக் காசை வாங்க மறந்து போய்விட்டார்.

அவரிடம் இன்னொரு பிடிவாதம் இருந்தது. எந்தப் பெண்ணிடமும், ஏன் அடித்தான் என்று கேட்கமாட்டார். நாங்கள் எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தானே. எனக்கு ஒருநாள் பொறுக்கவில்லை.

“அக்கா, காரணம் தெரியாமல் எப்பிடி உதவி செய்யிறது?”

“காரணம் கேட்டா, அடிக்கிறதுக்கு ஒரு காரணம் இருக்கெண்டு ஆகிப்போகும் தம்பி. பிறகு அது நல்ல காரணமோ கெட்ட காரணமோ எண்டுதான் கதை போகும். அவவின்ர முகத்தைப் பற்றி ஒருத்தரும் கதைக்கமாட்டினம்.”

சுகந்தி வந்த நாளில் நான் பள்ளிக்கூடச் சீருடைகளுக்குத் துணி வெட்டிக்கொண்டிருந்தேன். சல்லி என்ற மீனவக் கிராமத்தில் இருக்கிறவள். எனக்கு அவளைத் தெரியும். அவளுடைய கணவன் ஜெகன் என்னோடு படித்தவன். ஒரே அணியில் உதைபந்து விளையாடியவன். கடலுக்குப் போகிறவன், வாய்நிறையச் சிரிக்கிறவன். அவர்களுடைய மகளுக்கு முதலாம் வகுப்புச் சீருடை தைத்ததும் நான்தான். அதனால் சுகந்தி என் கடையைக் கடந்தபோது தலையைக் குனிந்துகொண்டு போனாள். காதுக்குக் கீழே கழுத்தில் கறுத்துப்போயிருந்ததை மறைக்கச் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டிருந்தாள்.

தட்டிக்கு அப்பால் வழமையான கேள்வி கேட்டது. வழமையான பதிலும் கேட்டது. குடை எடுக்கிற சத்தம். பிறகு வாசலில் அக்கா. சுகந்தி அவருக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்தாள். நான் ஜெகனுக்குச் சொல்லிவிடுவேனோ என்ற பயம் அந்தப் பார்வையில் இருந்தது. கடையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

அன்று பொலிஸ் நிலையத்தில் நடந்ததைச் சுகந்திதான் பல காலம் கழித்து எனக்குச் சொன்னாள். முறைப்பாட்டை எழுத இருந்தவர் அக்காவைப் பார்த்து, “நீங்கள் ஆர், தாயோ?” என்று கேட்டாராம்.

“இல்லை. கூட வந்தனான்.”

“சொந்தமோ?”

“இல்லை.”

“அப்ப நீங்கள் கதைக்க ஏலாது.”

“நான் கதைக்க வரேல்லை. அவதான் கதைப்பா.”

அதற்குப் பிறகு அவர் வாயே திறக்கவில்லையாம். சுகந்தி சொல்லத் தொடங்கி, நடுவில் நின்று, அழுது, பிறகு தொடங்கினாள். எழுதியவர் பேனையை வைத்துவிட்டு, புருசன் பெண்சாதி சண்டை எல்லா வீட்டிலும் இருக்கிறதுதானே, ஆளைக் கூப்பிட்டுச் சமாதானமாக்கிவிடட்டுமா என்று கேட்டார். அக்கா தன் கதிரையைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சுகந்தியின் கதிரைக்குப் பக்கத்தில், தோளோடு தோள் முட்டுகிற மாதிரிப் போட்டுவிட்டு இருந்தார். சுகந்தி, “வேண்டாம் சேர், எழுதுங்கோ,” என்றாள். “என்ர வாயில இருந்து அது எப்பிடி வந்ததெண்டு எனக்கே தெரியாது,” என்று அவள் என்னிடம் சொன்னாள். எழுதி முடிந்ததும் ஒரு பெண் உத்தியோகத்தர் வந்து, சிங்களத்தில் இருந்ததைத் தமிழில் நிதானமாக வாசித்துக்காட்டினார். அதன் பிறகுதான் கையெழுத்து வைத்தாள்.

அங்கிருந்து நீதிமன்றம். ஜெகன் அவளை நெருங்கக்கூடாது, தொல்லை கொடுக்கக்கூடாது என்று இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளை கிடைத்தது. சுகந்தி மகளோடு சாம்பல்தீவில் தாய் வீட்டுக்குப் போனாள்.

அடுத்த வாரம் ஜெகன் அக்காவின் கடைக்கு வந்தான். பகல்நேரம், கடையில் ஆட்கள் நின்றார்கள். என்னை அவன் பார்க்கவேயில்லை.

“நீதானோ என்ர மனிசியைக் கூட்டிக்கொண்டு போனது?”

“நான் கூட்டிக்கொண்டு போகேல்லை. அவ போனா. நான் கூடப் போனனான்.”

“அவ என்ர மனிசி. நான் அடிப்பன், அணைப்பன். கேக்க நீ ஆர்?”

கொப்பி இயந்திரத்தின் கண்ணாடி மேல் முட்டியால் குத்தினான். கண்ணாடி வெடித்து அவன் கையும் கிழிந்தது. நின்றவர்கள் படியிறங்கிவிட்டார்கள். நான் ஓடிப்போய் அவன் தோளைப் பிடித்தேன். அக்கா கதிரையிலிருந்து எழும்பவில்லை. கைகளை மடியில் இறுக்கிக் கோத்திருந்தார். “தம்பி, அவரைக் கூட்டிக்கொண்டு போங்கோ. கை கழுவிக் கட்டச் சொல்லுங்கோ,” என்றார். அவன் போன பிறகு கொஞ்ச நேரம் தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறக்க அவரால் முடியவில்லை. நான் வாங்கித் திறந்து கொடுத்தேன்.

“பயந்திட்டீங்களோ அக்கா?”

“பயமில்லாமல்? நான் என்ன கல்லோ?”

மறுநாள் கடை திறந்திருந்தது. ‘இயந்திரம் பழுது’ என்று எழுதி ஒட்டிவிட்டு, உள்ளே இருந்தார்.

மாரி தொடங்குகிற நேரம் சுகந்தி மறுபடி வந்தாள். கையில் ஒரு உடுப்புப் பை. தான் ஜெகனிடம் திரும்பிப் போவதாகச் சொன்னாள். தாய் ஒவ்வொரு நாளும் அழுகிறாளாம். மகள் அப்பா எங்கே என்று கேட்கிறாளாம். அவன் கோயிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறானாம். இதையெல்லாம் அவள் பார்வையை நிலத்தில் வைத்துக்கொண்டு சொன்னாள். அக்காவிடம் ஏச்சு வாங்கத் தயாராக வந்தவள் போல நின்றாள்.

அக்கா குடையை எடுத்தார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவரைத் தட்டிக்குப் பின்னால் கூப்பிட்டேன். “அக்கா, அவன் இஞ்ச வந்து செய்ததைப் பாத்தனீங்கள்தானே. போகவேண்டாம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. நீங்கள் சொன்னாக் கேப்பா.”

“அவவுக்கு அதைச் செய், இதைச் செய் எண்டு சொல்ல எத்தினை பேர் இருக்கினம். தாய் சொல்லுறா, புருசன் சொல்லுறான், கோயில்ல சொல்லுகினம். அந்த வரிசையில நானும் போய் நிக்கவோ?”

“அவன் திரும்ப அடிப்பான்.”

“ஓம். அடிப்பான் எண்டுதான் நானும் நினைக்கிறன்.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “இண்டைக்கு நான் அவவை ஏசினா, அடிக்கிற அண்டைக்கு அவ இஞ்ச வர வெக்கப்படுவா. எனக்கு அது வேண்டாம்.”

சல்லிக்குப் போகிற நிலாவெளி பஸ்ஸில் இரண்டு பேரும் போனார்கள். மழை அடித்து ஊற்றிக்கொண்டிருந்தது. எனக்கு அன்று வேலை ஓடவில்லை. போனவர் சும்மா திரும்பி வரவில்லை என்பது பிறகு தெரிந்தது. சுகந்தியின் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் தேநீர் குடித்து, சத்தம் கேட்டால் தனக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார். சுகந்தியின் பத்திரங்களின் கொப்பிகளும் ஒரு சோடி மாற்றுடுப்பும் அக்காவின் கடையிலேயே இருந்தன. அதன் பிறகு கிழமைக்கு ஒருமுறை மீன் வாங்குகிற சாட்டில் சல்லிக்குப் போய்வந்தார். கணவருக்கு மீன் ஒத்துக்கொள்ளாது. வாங்கின மீனை எனக்குத்தான் தருவார்.

ஜெகன் அவரை வாசலில் கண்டால் எழும்பி வெளியே போய்விடுவானாம். சில மாதங்கள் அப்படிப் போயின. அவன் திருந்திவிட்டான் என்று நான் சொன்னேன். அவர் அடுத்த கிழமையும் மீன் வாங்கப் போனார்.

ஒருநாள் காலை, கடை திறக்கிற நேரம், பக்கத்து வீட்டுப் பெண்ணின் அழைப்பு வந்தது. அக்கா ஓட்டோவைப் பிடித்துக்கொண்டு சல்லிக்குப் போனார். சுகந்தியின் இடது கை முழங்கைக்குக் கீழே முறிந்திருந்தது. மகள் அடுப்படியில் ஒரு மூலையில் சுருண்டு இருந்தாள். ஜெகன் முற்றத்தில் ஒரு கவிழ்த்த வாளியின் மேல் இருந்தான். அக்காவைக் கண்டதும் முகத்தை மூடிக்கொண்டான். அவர் அவனைத் தாண்டி உள்ளே போய், இரண்டு பேரையும் அழைத்துக்கொண்டு, மறுபடி அவனைத் தாண்டி வெளியே வந்தார். ஓட்டோக்காரப் பொடியன் எனக்குச் சொன்னது இது: ஆஸ்பத்திரி வரும் மட்டும் அக்கா அந்தப் பிள்ளையின் காலைத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

அன்று பின்னேரம் என் கடை வாசலில் வந்து நின்றார். “நான் போகவிட்டிருக்கக் கூடாதோ தம்பி?” என்று கேட்டார். அவரிடமிருந்து அப்படி ஒரு கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. “நீங்கள் கூடப் போனபடியாத்தானே உங்களுக்கு அறிவிச்சவை,” என்று மட்டும் சொன்னேன். அவர் தன் கடைக்குள் போனார்.

இந்த முறை சுகந்தி திரும்பிப் போவதாக இல்லை. வழக்கு நடந்தது. ஜெகன் கடைக்கு வந்து மிரட்டியதற்கு நான் சாட்சி. அழைப்பாணை வந்ததும் பழைய உதைபந்துக் கூட்டாளிகள் ஒவ்வொருவராக என் கடைக்கு வந்தார்கள். ஒருத்தன் நேரே கேட்டான்: “மற்றவன்ர குடும்பத்துக்குள்ள உனக்கென்ன வேலை? எங்கட ஆளை நீயே மாட்டிவிடப் போறியோ?” இன்னொருவன், சுகமில்லை என்று வைத்தியரிடம் சான்றிதழ்த் துண்டு வாங்கித் தருகிறேன் என்றான். அவர்கள் கெட்டவர்கள் அல்ல. என் கலியாணத்துக்குப் பந்தல் போட்டவர்கள். அவர்கள் வீட்டுப் பெண்களும் என் கடைக்கு வருகிறவர்கள்தான். அவர்களோடு கதைத்துக்கொண்டிருந்தபோது தட்டிக்கு அப்பால் இயந்திரம் ஓடாமல் இருந்தது எனக்குத் தெரிந்தது. ஆனால் அக்கா சாட்சி சொல்லப் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை.

வழக்கு நாளன்று நான் வெளிக்கிட்டு வந்தபோது அவர் குடையோடு என் வாசலில் நின்றார்.

“நானும் வாறன்.”

அந்த வீதியில் நான் எத்தனை ஆயிரம் தரம் நடந்திருப்பேன். அன்றைக்கு அது நீண்டுபோனது. நீதிமன்ற விறாந்தையில் என் கூட்டாளிகள் ஒரு பக்கமாக நின்று என்னைப் பார்த்தார்கள். அக்கா கைப்பையைத் திறந்து ஒரு இஞ்சி பிஸ்கட்டைத் தந்தார். நான் வாங்கித் தின்றேன். என்னோடு ஒருவர் இருக்கிறார் என்பதைத் தவிர அதில் வேறு ஒன்றும் இல்லை. அது எவ்வளவு பெரிது என்று சாட்சிக் கூட்டில் ஏறி நின்றபோதுதான் தெரிந்தது.

ஜெகன் சொன்னதை அப்படியே சொல்லச் சொன்னார்கள். “அவ என்ர மனிசி, நான் அடிப்பன், அணைப்பன் எண்டு சொன்னவர்,” என்றேன். அந்த வார்த்தைகள் என் குரலில் வெளியே வந்தபோது எனக்கே கூசியது. ஜெகன் தலை நிமிரவில்லை.

அவனுக்கு ஒத்திவைத்த சிறைத்தண்டனை கிடைத்தது. பாதுகாப்புக் கட்டளையை நீட்டினார்கள். உளவளத்துணை ஆலோசனைக்கும் ஒழுங்காகப் போகவேண்டும் என்று உத்தரவிட்டார்கள்.

கொஞ்ச நாள் கழித்து ஜெகன் என் கடைக்கு வந்தான். மெலிந்திருந்தான். வாசலில் நின்றுகொண்டே கதைத்தான்.

“அந்த ஆலோசனைக்கு எனக்குத் தனியப் போக ஏலாமக் கிடக்கு. வாசல் மட்டும் போட்டுத் திரும்பி வந்திட்டன். அக்கா எல்லாரோடையும் போறவதானே. என்னோடையும் ஒருக்கா வரச் சொல்லிக் கேளன்.”

தட்டிக்கு அப்பால் இயந்திரம் நின்றது. அக்கா எழும்பி வந்தார். அவனுக்கு நேரே நின்றார்.

“நான் வரமாட்டன் தம்பி.”

“நான் செய்தது பிழைதான் அக்கா. அதுக்குத்தான் போகக் கேக்கிறன்.”

“போங்கோ. கட்டாயம் போங்கோ. ஆனா நான் சுகந்தியோட போற ஆள். உங்களோடையும் வந்தா அவ என்னட்டை வரமாட்டா. அவ மட்டுமில்லை, மற்றவையும் வரமாட்டினம்.”

பிறகு என் பக்கம் திரும்பினார். எனக்குச் சொல்வது போலவும் இல்லை, தனக்குள் சொல்வது போலவும் இல்லை.

“இவ்வளவு காலமா இந்த றோட்டால நான் பொம்பிளையளோட போறன். அடிச்சவனோட ஒரு ஆம்பிளை கூடப் போனதை நான் இன்னும் காணேல்லை. பந்தடிக்க மட்டும் சேந்து போவினம்.”

சொல்லிவிட்டு உள்ளே போனார். இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியது.

நான் தைத்துக்கொண்டிருந்த காற்சட்டையை மடித்து வைத்தேன். கடைக் கதவை இழுத்துவிட்டு, “வா,” என்றேன்.

வழியில் ஜெகன் கேட்டான், “அங்க என்ன சொல்லுறது?”

“நடந்ததைச் சொல்லு.”

“அண்டைக்கு அவ ஒரு கதை சொல்லிக் கோவப்படுத்தினவ. அதில இருந்து சொல்லட்டோ?”

“அது வேண்டாம். நீ செய்ததில இருந்து தொடங்கு.”

அவன் உள்ளே போனான். நான் வெளியே வாங்கில் இருந்தேன். அவன் வெளியே வந்தபோது கண்கள் வீங்கியிருந்தன. உள்ளே என்ன கதைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. தேத்தண்ணிக் கடையில் இரண்டு பேரும் தேநீர் குடித்தோம். எங்களுடைய பழைய கூட்டாளி ஒருவன் அங்கே இருந்தான். “எங்க ரெண்டு பேரும் போட்டு வாறியள்?” என்று கேட்டான். ஜெகன் என்னைப் பார்த்தான். பிறகு அவனே சொன்னான். கேட்டவன் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

ஜெகன் திருந்திவிட்டான் என்று நான் எழுதமாட்டேன். அது எனக்குத் தெரியாது. நடுவில் ஒருமுறை போகாமல் விட்டான். நான் சல்லிக்குப் போய்க் கடற்கரையில் வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தவனைக் கூட்டிவந்தேன். சுகந்தி அவனிடம் திரும்பிப் போகவில்லை. அவன் போய்வருவதை அவளுக்குச் சொல்லி மனம் மாற்றப் பார்க்கவேண்டாம் என்று அக்கா எனக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவள் நிலாவெளியில் ஒரு விடுதியின் சலவைப் பகுதியில் வேலைக்குச் சேர்ந்தாள். பிறகு ஒரு பழைய ஸ்கூட்டரில் வந்துபோகத் தொடங்கினாள். முறிந்த கை முழுதாக நீளாது. அதனால் ஸ்கூட்டரைத் திருப்பும்போது உடம்பையும் சேர்த்துத் திருப்புவாள்.

அக்காவுக்கு நுரையீரலில் தண்ணீர் தேங்கிய வருத்தம் வந்தது. கடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். கடைசியாக நான் போய்ப் பார்த்தபோது, நான் போட்டிருந்த சேட்டைப் பார்த்து, “கொலர் சரியில்லை,” என்றார்.

செத்தவீடு அவருடைய வீட்டு முற்றத்தில் நடந்தது. நான் கேற்றடியில் நின்று வருகிறவர்களை உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தேன். பெண்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒருவரையொருவர் தெரியாத பெண்கள். சேலை கட்டியவர்கள், முக்காடு போட்டவர்கள், சிங்களப் பெண்கள். மட்டக்களப்பிலிருந்து வந்திருந்த உறவுக்காரர் ஒருவர், இவர்களெல்லாம் எந்த வழிச் சொந்தம் என்று என்னிடம் கேட்டார். அக்காவின் கணவர் ஒரு மூலையில் கதிரையில் இருந்தார். “எனக்குத் தெரியாது. அவ ஒண்டும் சொல்லுறேல்லை,” என்று சொல்லிக்கொண்டு ஒவ்வொருவருக்கும் கைகூப்பினார்.

பத்துமணி வெயிலில் ஜெகன் வந்தான். வெள்ளைச் சேட்டு. கையில் ஒரு பூமாலை. கேற்றுக்கு வந்தவன், மதிலோரம் நின்ற ஸ்கூட்டரைப் பார்த்து நின்றுவிட்டான்.

“அவ வந்திருக்கிறாவோ?”

“ஓம். உள்ள இருக்கிறா.”

கட்டளையின் காலம் முடிந்து நெடுநாளாகிவிட்டது. உள்ளே போகாதே என்று அவனைத் தடுக்க இப்போது சட்டம் எதுவும் இல்லை. அது அவனுக்கும் தெரியும். மாலையை என் கையில் தந்தான்.

“நீ போட்டுவிடு. நான் சுடலைக்கு வாறன், ஆம்பிளையளோட.”

மதிலோரமாக நடந்து முடக்குத் திரும்பினான். நான் மாலையைக் கொண்டுபோய் அக்காவின் காலடியில் வைத்தேன். சுகந்தி குசினி வாசலில் நின்று பெண்களுக்குத் தேநீர்க் கோப்பைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“ஆர் வந்தது?” என்றாள்.

“ஜெகன். நீங்கள் இருக்கிறீங்களோ எண்டு கேட்டவன். ஓம் எண்டன். உள்ள வராமல் போட்டான்.”

அவள் கேற்றுப் பக்கம் பார்த்தாள். அங்கே ஒருவரும் இல்லை. பிறகு தட்டைத் தூக்கிக்கொண்டு, பெண்கள் இருந்த பக்கம் போனாள்.